வீட்டில் ஒருவருக்கு உண்ணல் கோளாறு: கூட இருப்பவர் என்ன செய்யலாம்?

என் அக்கா மகளுக்கு இந்த நோய் வந்திருக்கிறது என்று தெரிந்த அன்று நான் அவளிடம் சொன்னது: "ஒழுங்கா சாப்பிட்டா எல்லாம் சரியாப் போயிடும்மா." அவள் ஒன்றும் பேசவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் நான் சொன்னது முழுத் தப்பும் இல்லை. இந்த நோய்க்கு முதல் மருந்து சாப்பாடுதான், எந்த மருத்துவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அந்த மருந்தை விழுங்க விடாமல் தடுப்பதுதான் நோயே. தண்ணீருக்குள் தத்தளிக்கிறவளிடம் கரையில் நின்றுகொண்டு நீச்சலின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் சில வருடங்கள் ஓடிவிட்டன. படித்தது, மருத்துவர்களிடம் கேட்டது, எங்கள் வீட்டில் சொதப்பியது எல்லாவற்றையும் சேர்த்து, இப்போதுதான் இதற்குள் கால் வைத்திருக்கும் ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். நான் மருத்துவன் இல்லை. கூட இருப்பவர் என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் இருக்கலாம் என்பது மட்டும்தான் இங்கே.

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல். சாப்பாட்டுக் கோளாறு என்று சொன்னால் ஏதோ கெட்டுப்போனதைத் தின்று வயிற்றைக் கலக்கியது போலக் காதில் விழுகிறது. அதனால் உண்ணல் கோளாறு என்று எழுதுகிறேன். சாப்பாடு, உடல் எடை, உடலின் தோற்றம் ஆகியவற்றைச் சுற்றி ஒருவருடைய நினைப்பு முழுவதும் சுழல ஆரம்பித்து, அதனால் உடம்பும் அன்றாட வாழ்க்கையும் கெடுகிற நிலை இது. பிடிவாதமோ ஃபேஷனோ கிடையாது, மனநோய்களின் பட்டியலில் இருக்கும் நோய்.

இதில் சில வகைகள் உண்டு. பட்டினி கிடந்து எடையைக் குறைத்துக்கொண்டே போவதும், எவ்வளவு மெலிந்தாலும் எடை கூடிவிடுமோ என்று நடுங்குவதும் அனோரெக்ஸியா. 1873ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் பாரிஸில் சார்ல்ஸ் லாசெக் என்ற மருத்துவரும் தனித்தனியாக இதை விவரித்தார்கள். அனோரெக்ஸியா என்றால் பசியின்மை என்று பொருள். எனக்குக் கேட்டால் தப்பான பெயர், ஏனென்றால் பசி இருக்கிறது, கொடூரமாக இருக்கிறது. அடுத்தது புலிமியா: கட்டுப்பாடு இழந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதை எப்படியாவது வெளியேற்ற வேண்டும் என்று வாந்தி, பேதி மாத்திரை, வெறித்தனமான உடற்பயிற்சி என்று போவது. இதைத் தனி நோயாக 1979ல் எழுதியவர் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர். வெளியேற்றும் பகுதி இல்லாமல், கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவதும் அதைத் தொடர்ந்து வரும் அவமானமும் மட்டும் இருந்தால் பிஞ்ச் ஈட்டிங். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடித்தது 2013ல்தான். எடையைப் பற்றிய கவலையே இல்லாமல், உணவின் தன்மைக்கோ புரையேறிவிடும் என்ற பயத்துக்கோ ஆட்பட்டு மிகச் சில உணவுகளோடு நின்றுவிடுகிறவர்களுக்கும் அதே வருடம்தான் தனிப்பெயர் கிடைத்தது.

இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களும் நிறைய. பையன்களுக்கும் வரும், நாற்பது ஐம்பது வயதிலும் வரும். எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நோய் என்று நினைப்பது பெரிய ஆபத்து. புலிமியா இருப்பவர் பெரும்பாலும் பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருப்பார். அதிக எடையிலிருந்து மளமளவென்று குறைந்து இப்போது "சரியான" எடையில் நிற்கிற ஒருவரின் இதயம், எலும்பாகத் தெரிகிறவரின் இதயத்தைப் போலவே தடுமாறிக்கொண்டிருக்கலாம். ஊரே அவரைப் பாராட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் கொடுமை.

பட்டினி மூளையை என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினியில் வாடும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். 1944 கடைசியில் தொடங்கி 1945 வரை நடந்தது. துப்பாக்கி ஏந்த மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்த இளைஞர்களில் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலிலும் மனத்திலும் ஆரோக்கியமானவர்களா என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கத்தில் பாதி அளவே சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்தது. (எத்தனை கலோரி என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இதை நோயில் இருப்பவர் யாராவது படிக்கலாம், எண்ணைப் பார்த்தாலே அதைவிடக் குறைக்க வேண்டும் என்று தோன்றுகிற நோய் இது.)

எடை குறைந்ததில் ஆச்சரியமில்லை. மனம் மாறிய விதம்தான் ஆச்சரியம். அதுவரை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்கள் சமையல் புத்தகங்களை மாய்ந்து மாய்ந்து படித்தார்கள், செய்முறைகளை எழுதிச் சேர்த்தார்கள். கிடைத்த கொஞ்சத்தையும் மணிக்கணக்காக இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் சேராமல் ஒதுங்குவது, எப்போதும் குளிர். நண்பர்கள் மேலும் அரசியல் மேலும் இருந்த ஆர்வமெல்லாம் வற்றி, சாப்பாடு ஒன்றே மிஞ்சியது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நாம் சும்மா சொல்வதை அங்கே எடைபோட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் சாப்பாடு திரும்பக் கிடைத்ததும் சரியாகிவிட்டார்களா என்றால், இல்லை. பலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் நிறையவில்லை, சிலர் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள், மனம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கானது.

இவர்கள் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை. வெறும் பட்டினி மட்டுமே அவர்களை அந்தப் பாடு படுத்தியது. அப்படியானால் நம் வீட்டில் நாம் பார்ப்பதில் பாதி, "அவள் குணமே மாறிப்போச்சு" என்று நாம் அழுவதில் பாதி, பட்டினியின் வேலை. அந்த மூளையோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஊட்டம் முதலில், உபதேசம் பிறகு. சரியாகச் சொன்னால் ஊட்டம் சரியானால் உபதேசத்துக்குத் தேவையே இருக்காது.

இன்னொரு விஷயம். உலகத்தில் எத்தனையோ பேர் டயட் இருக்கிறார்கள், எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. மரபணுவுக்கு இதில் கணிசமான பங்கு இருப்பது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 2019ல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, அனோரெக்ஸியாவோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டுபிடித்தது. அவற்றில் மனநோய்களோடு மட்டுமல்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்பு தெரிகிறது. ஆகவே "கண்ணாடி முன்னாலேயே நின்னா இப்படித்தான்" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடலாம்.

நோய் வேறு, ஆள் வேறு

கூட இருப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்து மிகவும் உதவும் ஒரே நினைப்பு இது. தட்டைத் தள்ளிவிட்டு "நான் சாப்பிட்டாச்சு" என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொல்வது உங்கள் மகள் அல்ல, அவளுக்குள் உட்கார்ந்திருக்கும் நோய். இப்படிப் பிரித்துப் பார்த்தால் இரண்டு நன்மை. உங்கள் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். அவளுக்கும் தன்மேல் இருக்கும் வெறுப்பு கொஞ்சம் இறங்கும். "நீ ஏன் இப்படிப் பண்ற?" என்பதற்குப் பதிலாக "இந்த நேரத்துல அது உன்னை ரொம்பப் படுத்துதுன்னு தெரியுது, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் சில நாள் நாடக வசனம் மாதிரிதான் வாயில் வரும். பரவாயில்லை.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை வட்டாரத்தில் பராமரிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விலங்குகளை உவமையாகச் சொல்வார்கள். தர்க்கத்தால் முட்டி மோதுகிறவர் காண்டாமிருகம். எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றுவதாக நினைத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர் கங்காரு. ஒன்றுமே நடக்காதது போல் தலையைப் புதைத்துக்கொள்கிறவர் நெருப்புக்கோழி. உடைந்து அழுதுகொண்டே இருப்பவர் ஜெல்லிமீன். எங்கள் வீட்டில் நான் காண்டாமிருகம், அக்கா கங்காரு, அத்தான் நெருப்புக்கோழி. ஒரு மிருகக்காட்சி சாலையே இருந்தது. அவர்கள் பரிந்துரைப்பது டால்ஃபினை: சில நேரம் முன்னே நீந்தி வழிகாட்டி, சில நேரம் பக்கத்திலேயே வந்து, சில நேரம் பின்னாலிருந்து மூக்கால் லேசாக உந்தி. கேட்க அழகாக இருக்கிறது, செய்வது கஷ்டம். ஆனால் நான் இப்போது எந்த மிருகமாக இருக்கிறேன் என்று சண்டைக்கு நடுவே ஒரு நொடி நினைத்துப் பார்ப்பதே குரலைத் தணித்துவிடும்.

முதல் பேச்சு

சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். நாலு பேர் நடுவிலும் வேண்டாம். நடந்து போகும்போதோ வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதோ நல்லது, ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எடையில் ஆரம்பிக்காதீர்கள், நீங்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து ஆரம்பியுங்கள். "கொஞ்ச நாளா நீ எங்ககூட உட்கார்றதில்ல, ராத்திரி தூங்குறதில்ல, எனக்கு உன்னைப் பத்திக் கவலையா இருக்கு." அவ்வளவு போதும். பெரும்பாலும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும், கோபமும் வரும். நோய் இருப்பதே தெரியாமல் இருப்பது, தெரிந்தாலும் அதை விட மனசில்லாமல் இருப்பது, இரண்டுமே இந்த நோயின் அறிகுறிகள்தான். அன்றைக்கே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று நிற்காமல், "சரி, நான் மறுபடி கேட்பேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிஜமாகவே மறுபடி கேளுங்கள். மெலிவும் மயக்கமும் கண்ணுக்குத் தெரிகிற நிலை என்றால் மட்டும் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவரிடம்.

உடம்பைப் பற்றிய பேச்சு ஒன்று இருக்கிறதே, அதுதான் நம்மை மிகவும் கவிழ்க்கும். நல்லபடியாக இரண்டு வாரம் சாப்பிட்டுக் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்ததும், சந்தோஷத்தில் "இப்பதான் முகம் தேறியிருக்கு" என்பார் ஒரு சித்தி. "பூசினாப்ல அழகா இருக்க" என்பார் இன்னொருவர். பாசத்தோடு சொன்னதுதான். ஆனால் தேறியிருக்கு, பூசினாப்ல, உடம்பு போட்டிருக்க, இவை எல்லாவற்றையும் நோய் ஒரே சொல்லாகத்தான் மொழிபெயர்க்கும்: குண்டாகிவிட்டாய். அன்று ராத்திரி சாப்பாடு நின்றுவிடும். "ரொம்ப மெலிஞ்சுட்ட" என்பதோ அதற்குப் பாராட்டு. ஆக மெலிவையும் பேச வேண்டாம், தேறியதையும் பேச வேண்டாம். அவளுடைய உடம்பை மட்டுமல்ல, உங்கள் தொப்பையை, பக்கத்து வீட்டுக்காரரின் எடையை, டிவியில் வருகிறவரின் இடுப்பை, எதையும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எங்கள் அக்கா வெட்கப்படாமல் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார், இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

தட்டுக்கு முன்னால்

வளர்ந்து வரும் பிள்ளை என்றால் ஒரு விதம், வயது வந்தவர் என்றால் வேறு விதம்.

பிள்ளைகளுக்கு அனோரெக்ஸியா என்றால் இன்று நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை, குடும்பத்தை மையமாக வைத்தது. 1980களில் மாட்ஸ்லியில் உருவானது. பல நாடுகளில் இதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். சாராம்சம் எளிது. பிள்ளையால் இப்போது சாப்பாட்டைப் பற்றி முடிவெடுக்க முடியாது, அதனால் கொஞ்ச காலத்துக்கு அந்த முடிவைப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள்: என்ன, எவ்வளவு, எப்போது என்று. பிள்ளை தேறத் தேற அந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல அதன் கைக்கே திரும்புகிறது. கடைசிக் கட்டத்தில்தான் அந்த வயதுக்கே உரிய மற்ற பிரச்சினைகளைப் பேசுவார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும், சிகிச்சையாளர் ஒருவரின் துணையோடு.

எளிது என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒரு வேளைச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் ஓடும். அழுகை, கத்தல், தட்டு பறக்கும், "உங்களை வெறுக்கிறேன்" என்று கேட்க வேண்டி வரும். அந்த நேரத்தில் பேச்சு குறைவாக இருப்பது நல்லது. இதில் எவ்வளவு எண்ணெய், இதற்கு என்ன அளவு என்ற விசாரணைக்குள் இறங்கினால் அவ்வளவுதான், விடிய விடிய அதுவே நடக்கும். "இதான் உனக்குத் தேவையானது, நான் இங்கயேதான் இருக்கேன்" என்ற ஒரே வாக்கியத்தைக் குரலை உயர்த்தாமல் பத்து முறை சொல்வது பத்து வாதங்களைவிட மேல். மற்ற நேரம் சீட்டு, ஏதாவது பாட்டு, சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத அரட்டை. முடிந்தபின் ஒரு மணி நேரம் தனியாக விடாமல் கூட இருப்பது முக்கியம், குற்ற உணர்ச்சி உச்சத்தில் இருப்பது அப்போதுதான். காவல் காப்பது போல் இல்லாமல் சேர்ந்து ஏதாவது பார்ப்பது போல் அதைச் செய்யலாம். அம்மா ஒன்று அப்பா ஒன்று சொன்னால் நோய் அந்த இடைவெளியில் புகுந்துவிடும், அதனால் பெரியவர்கள் தங்களுக்குள் சண்டையை வேறு அறையில் முடித்துக்கொண்டு வர வேண்டும்.

கணவன், மனைவி, நண்பர், வயது வந்த தங்கை என்றால் இந்த அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, எடுத்துக்கொள்ள முயன்றால் உறவுதான் முறியும். கேட்பது ஒன்றே வழி. "சாப்பிடும்போது நான் கூட இருக்கட்டுமா, இல்ல இருந்தா கஷ்டமா? நீ கொஞ்சமா வச்சுக்கிட்டா நான் சொல்லணுமா, சொல்லக் கூடாதா?" நல்ல மனநிலையில் இருக்கும்போது அவரே சொல்லும் விதியை, கெட்ட நேரத்தில் நீங்கள் நினைவூட்டலாம். மருத்துவரிடம் நாள் குறிப்பது, கூடப் போய் வெளியில் உட்கார்ந்திருப்பது, சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது, பத்து முறை வரவில்லை என்றாலும் பதினோராம் முறை கூப்பிடுவது. நண்பர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இந்தக் கடைசி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

புலிமியாவிலும் பிஞ்ச் ஈட்டிங்கிலும் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே நோய்க்குத் தீனி ரகசியமும் அவமானமும். அலமாரியில் ஒளித்து வைத்த காலி உறைகளைக் கண்டுபிடித்து மேசையில் பரப்பி வைத்து விசாரித்தால், அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளிப்பார்கள், அவ்வளவுதான். பிஞ்ச் இருப்பவரிடம் "கொஞ்சம் கண்ட்ரோல் பண்ணு, டயட் சார்ட் வாங்கித் தரேன்" என்பது எரிகிற இடத்தில் எண்ணெய். பகல் முழுவதும் பட்டினி, சாயங்காலம் கட்டுப்பாடு உடைதல், பிறகு வெட்கம், அதற்குத் தண்டனையாக மறுநாள் மறுபடி பட்டினி என்று வட்டமடிக்கும் நோய் இது. மினசோட்டா ஆட்கள் ஞாபகம் வருகிறார்களா? வட்டத்தை உடைப்பது, மூன்று வேளையும் இடையிலும் நேரத்துக்குச் சாப்பிடுவதுதான். நேற்று என்ன நடந்திருந்தாலும் இன்றைய காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் இருக்க உதவுங்கள். இந்த இரண்டுக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (நினைப்பையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) நன்றாக வேலை செய்கிறது, பொதுவாக இருபது அமர்வுகள் போல. புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸெடின் என்ற மாத்திரையும் சிலருக்குக் கொடுப்பார்கள். அனோரெக்ஸியாவுக்கு அப்படிக் குறிப்பாக எந்த மாத்திரையும் கிடையாது.

வாந்தி எடுக்கிறவருக்குச் சொல்லி வைக்க வேண்டிய சின்ன விஷயம்: உடனே பல் தேய்க்கக் கூடாது. அமிலத்தில் இளகியிருக்கும் எனாமல் பிரஷ்ஷோடு போய்விடும். தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும். இதைச் சொல்வது நோய்க்கு ஒத்துழைப்பதாகாது.

மருத்துவரிடம்

நாங்கள் முதலில் போன இடத்தில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மல், நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நோய்க்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா? "பார்த்தீங்களா, டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார்" என்று ஆறு வாரம் அதை வைத்தே ஓட்டினாள். உடம்பு கடைசி வரை ரத்த அளவுகளைச் சமாளித்துக் காட்டும், ரிப்போர்ட் சரியாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஒரு இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், உடல் வெப்பம், இவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் தட்டிக்கழித்தால் இன்னொருவரிடம் போங்கள். எடை பார்க்கும்போது எண் அவள் கண்ணில் படாமல் திரும்பி நிற்க வைக்க முடியுமா என்றும் கேட்கலாம்.

மயங்கி விழுவது, நெஞ்சு வலி அல்லது படபடப்பு, பகலிலேயே நாடித்துடிப்பு ஐம்பதுக்குக் கீழே போவது, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூட நிற்காதது, பேச்சு குழறுவது, சாவைப் பற்றிப் பேசுவது: இவற்றில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போங்கள். வாந்தியும் பேதி மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கி இதயத் துடிப்பைக் குலைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்ஸியா ஒன்று, அந்த இறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தற்கொலை. பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983ல் 32 வயதில் இதயம் செயலிழந்து இறந்த பிறகுதான் பொதுமக்களில் பலர் இந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் ஆபத்தும் உண்டு. நீண்ட நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரசரவென இறங்கி இதயமும் மூச்சும் பாதிக்கப்படலாம். அந்த நிலையில் இருப்பவருக்கு முதல் நாட்களின் சாப்பாடு மருத்துவரின் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும், வீட்டில் நாமாகவே ஆரம்பிக்கக் கூடாது.

நோய்க்கு இடம் கொடுத்துவிடுவது

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களே மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டது. சண்டை வேண்டாம் என்று அவள் சொன்ன பிராண்டை மட்டும் வாங்கினோம். அவளுக்கு மட்டும் தனிப் பாத்திரம். அப்புறம் அவள் சமையலறையில் இருக்கும்போது யாரும் உள்ளே போகக் கூடாது. அப்புறம் ஏழு மணிக்கு மேல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. ஒவ்வொன்றும் அந்த நாளைக்குச் சின்ன விட்டுக்கொடுத்தல், ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வீட்டுச் சாவி நோயின் கையில். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்க முடியாது. ஒன்றை எடுத்து, முன்பே சொல்லிவிட்டு, அதில் உறுதியாக நிற்கலாம், பிறகு அடுத்தது.

"மாமா, நான் குண்டாயிட்டேனா?" என்ற கேள்வியும் இந்தக் கணக்கில்தான் வரும். இல்லை என்றால் நம்ப மாட்டாள், ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பாள். ஒரு நாளைக்கு நாற்பது முறை பதில் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஒரு சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தபடி, "இதுக்குப் பதில் சொன்னா உனக்கு அஞ்சு நிமிஷம்தான் நிம்மதி, அப்புறம் இன்னும் அதிகமாத் தேடும். அதனால நான் சொல்லப் போறதில்ல. இப்ப என்ன பயம் வந்துச்சுன்னு சொல்லு" என்று மாற்றினேன். முதல் வாரம் என்னோடு பேசவே இல்லை.

யார் தப்பு

யார் தப்பும் இல்லை என்பதை நீட்டி முழக்காமல் சொல்லிவிடுகிறேன், ஆனால் ஏன் எல்லோரும் அம்மாவையே பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. மேலே சொன்ன வில்லியம் கல்லே, நோயாளியைப் பார்த்துக்கொள்ள உறவினர்களைப் போல மோசமானவர்கள் இல்லை என்கிற மாதிரி எழுதி வைத்தார். அதற்குப் பிறகு நூறு வருடம் குடும்பத்தைக் குற்றவாளியாகவே நிறுத்தி, பிள்ளையைப் பிரித்து வைத்தே வைத்தியம் பார்த்தார்கள். 1980களின் ஆய்வுகள்தான் அதைத் திருப்பிப் போட்டன. இந்தத் துறை வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பு ஒன்று, குடும்பம்தான் இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் என்ற கருத்தை ஏற்க முடியாது என்று 2010ல் எழுத்திலேயே வெளியிட்டது. என் அக்கா இதைப் படித்துவிட்டு அழுதார். அதுவரை ஒரு வருடம், தான் எப்போதோ "இந்த டிரெஸ் டைட்டா இருக்கு" என்று சொன்ன ஒரு வாக்கியத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட இருப்பவரும் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், ஆள் மாற்றி ஆள் உட்கார வேண்டும். ஆள் மாற்ற யாரும் இல்லாதவர்கள் ஒரே ஒரு வேளைக்காவது ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அது ஒன்றும் கேட்காமல் மூலையில் சமர்த்தாக இருக்கும், அந்தச் சமர்த்தைக் கண்டு கொஞ்சம் பயப்படுங்கள், அதைத் தனியாக வெளியே கூட்டிப் போங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இந்த நோயோடு சிகிச்சைக்கு வந்த பெண்களை 22 வருடம் வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஒன்பதாவது வருட அளவில் அனோரெக்ஸியாவிலிருந்து மீண்டிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 22 வருடத்தில் அது 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. முதல் முறை படித்தபோது ஒன்பது வருடமா என்று வயிற்றைப் பிசைந்தது. பிறகுதான் இரண்டாவது எண்ணின் அர்த்தம் உறைத்தது, பத்து வருடம் கழித்தும் ஆட்கள் மீண்டுகொண்டே இருக்கிறார்கள். இளம் வயதில், சீக்கிரமே சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு இவ்வளவு நாள் பிடிப்பதில்லை.

மீண்ட பிறகும் சறுக்கல் வரும், பரீட்சை, வேலை மாற்றம், காய்ச்சலில் இரண்டு கிலோ குறைவது என்று எதுவும் அதை இழுத்து வரலாம். அதனால் நன்றாக இருக்கும் காலத்தில் ஒரு தாளை எடுத்து, நோய் திரும்புவதற்கான முதல் அடையாளங்களை அவரையே எழுதச் சொல்லுங்கள், அப்போது யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும். எங்கள் வீட்டில் அந்தத் தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஆறு வரி, அவள் கையெழுத்து. சாப்பிடாமல் எழுந்து போவது, துணி மாற்றிக்கொண்டே இருப்பது எல்லாம் நாங்களும் எதிர்பார்த்தவைதான். நான்காவது வரியை மட்டும் எங்களில் யாரும் நினைத்திருக்க மாட்டோம்: "நான் திடீர்னு எல்லாருக்கும் விதவிதமா சமைச்சுப் போட ஆரம்பிச்சா, நல்லா இருக்குன்னு சாப்பிட்டுட்டுப் போயிடாதீங்க, நான் சாப்பிட்டேனான்னு கேளுங்க."